கோப்பித் தேறல்

ஒரு பொருளைப் புகழ்வதற்கு முன்னும் அதனை அறிதல் வேண்டும். இகழ்வதற்கு முன்னும் அறிதல் வேண்டும். அறிவுக்கு முதற்படி பெயர். பெயர் தெளியாத பொருள் நம் வீட்டினுள் வந்து நம் பாற்செம்பிலே கலந்துவிட்டாலும் நாம் அதனை அறியமாட்டோம். இஃது உவமை அன்று. சென்ற ஆண்டு விசயதசமியன்று என் கண்முன்னே நிகழ்ந்தது. கண்முன்னே என்பதிலும் தொண்டை வழியே என்றால் இன்னும் பொருந்தும்.

என்னிடம் பாலபண்டித வகுப்பிலே படித்த மாணவர் ஒருவர் பிறநாட்டில் தொழில் பார்க்கிறார். தம் மகனுக்கு ஏடு தொடக்குதற்பொருட்டு அவர் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியிலே அகரம் எழுதுவிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. அது முடிந்து, பொங்கலும் வடையும் உண்டபின், மாணவரின் தாயார் எல்லாருக்கும் பாற்கோப்பி கொணர்ந்தார். அவர் நாற்பது ஆண்டுகளாக வெள்ளிதோறும் விரதம் பிடிப்பவர். தம் வளவுப் பனைகளிலே கள்ளுச்சீவ ஒருநாளும் இடங்கொடாதவர்.

"பண்டிதர் ஐயா, தம்பி வெளியிலை இருந்து கொண்டந்த கோப்பி லிக்கர். பாலிலை கலந்தனான். குடிச்சுப் பாருங்கோ," என்றார்.

அவருடைய தமையனார் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே எழுதுவினைஞராயிருந்து இளைப்பாறியவர். லிக்கர் என்றால் என்ன என்று அவ்வீட்டில் எழுந்த ஐயத்தை முன்னரே தீர்த்துவைத்தவர் அவர்தாம். "லிக்கர் எண்டால் சாயம், தங்கச்சி. தொழிற்சாலையிலை நாங்கள் நாள் முழுக்க லிக்கர் பாத்தனாங்கள். இது கோப்பிச் சாயம், போத்தலிலை அடைச்சு விக்கிறாங்கள்," என்று விளக்கியிருந்தார்.

யான் ஒரு கோப்பை அருந்தினேன். நன்றாயிருந்தது. இரண்டாவது கோப்பையும் வாங்கிக்கொண்டேன். பொய் கூறுதல் ஆசிரியனுக்கு அழகன்று. அன்றுவரை யான் அருந்திய கோப்பிகளுள் அதுவே சிறந்தது. முதலில் வறுத்த கோப்பியின் மணம். அடுத்து நாவிலே இனிப்பு. அதன்பின் ஓர் இளஞ்சூடு, பால் ஆறிய பின்னும் ஆறாது தொண்டையிலே தங்கியது. இஞ்சி இட்டிருக்கிறார்கள் என்று எண்ணினேன். யாரோ ஒருவர் புணர்ச்சி இலக்கணத்திலே ஒரு வினா வினாவினார். அதற்கு யான் வேண்டியதினும் மிக நீண்ட விடை இறுத்தேன் என்று பின்பு சொன்னார்கள்.

அவ்வேளையிற் கோயிலுக்குப் போயிருந்த மாணவர் திரும்பி வந்தார். அடுக்களை மேசையிலே பாதியாய் நின்ற போத்தலைக் கண்டார். "ஐயோ அம்மா, என்ன செய்தனீங்கள்? இது குடிவகை!" என்று கூவினார். பிள்ளைகளுக்கென ஊற்றி ஆறவைத்திருந்த இரண்டு கோப்பைகள் மேசையிலே இருந்தன. அவை தப்பின. உறவினரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட இருந்த வான் ஓட்டும் இளைஞர் தம் கோப்பையை முன்னரே வெறுமையாக்கிவிட்டார். அவரிடமிருந்து திறப்பு வாங்கப்பட்டது. தாயார் நிலத்திலே அமர்ந்து அழுதார். "கோப்பி எண்டுதானேடா சொன்னனீ," என்பதே அவர் திரும்பத்திரும்பக் கூறியது. பாலிலே கலந்தபொழுது பதம் பார்க்க ஒரு கரண்டி அவரும் வாயிலே விட்டிருந்தார்.

குற்றம் யாருடையது? அவ்வம்மையார்மேற் குற்றமில்லை, அவருக்குச் சொல்லப்பட்ட பெயரிலே கோப்பி இருந்தது. தமையனார்மேலும் குற்றமில்லை, அவர் அறிந்த லிக்கர் தேயிலைச் சாயமே. போத்தலுக்குக் குற்றம் கூறுதலும் முறையன்று. நூற்றுக்கு இருபது வீதம் மதுசாரம் என்பது அதன்மேல் ஆங்கிலத்திலே சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் குற்றத்திற் பெரும்பங்கு என்னைப் போன்ற தமிழாசிரியர்களுடையது. ஒரு பொருள் நம்மிடையே வந்துவிட்டது. அதற்கு நாம் பெயர் கொடுக்கவில்லை.

இரண்டு சொல், ஒரு செவி

ஆங்கிலத்திலே இரண்டு சொற்கள் உள. ஒன்று லிக்கர், மற்றொன்று லிக்கியூர். நீர்ப்பொருள் என்று பொருள்படும் இலத்தீன் சொல் ஒன்றே இரண்டுக்கும் வேர். முன்னது வடித்த மதுவகைக்குப் பொதுப்பெயர் ஆயிற்று. தேயிலை வாணிகத்திலோ அதுவே கொதிநீரில் ஊறி இறங்கிய சாயத்தைக் குறிக்கும். பின்னது பிரெஞ்சு மொழி வழியாக வந்து, இனிப்பும் மணமும் ஊட்டப்பெற்ற மதுவை மாத்திரம் சுட்டியது. ஆக மூன்று பொருள்கள். தமிழ்ச் செவியோ மூன்றையும் லிக்கர் என்றே கேட்கிறது. சாயம், சாராயம், இன்மது ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் ஒடுங்கினால் அடுக்களையிலே குழப்பம் விளையாமல் வேறென்ன விளையும்?

கோப்பி என்னும் சொல்லிலும் ஒரு வியப்பு உண்டு. தமிழகத்தார் காப்பி என்பர். நாம் கோப்பி என்கிறோம். நம் வழக்கு ஒல்லாந்தரின் கொஃபி என்னும் ஓசைக்கு அணித்தாயுள்ளது. அச்சொல்லுக்கு மூலம் கஹ்வா என்னும் அரபுச்சொல். அந்தக் கஹ்வா முற்காலத்தில் ஒருவகை வைனைக் குறித்தது என்று அரபு அகராதியாசிரியர் கூறுவர். மதுவின் பெயரைப் பெற்ற கோப்பி, மதுவுக்கு மாற்றாக உலகமெல்லாம் பரவி, ஈற்றில் மீண்டும் மதுவுடனே ஒரு போத்தலிற் குடிபுகுந்துவிட்டது.

நம் முன்னோர் இவ்வகைப் பெயர்களிலே வறியர் அல்லர். கள், நறவு, மட்டு, பிழி, அரியல், தோப்பி, தேறல் எனச் சங்கநூல்களிலே வரும் பெயர்கள் பல. தோப்பி என்பது நெல்லிலிருந்து இல்லத்திலே ஆக்கிய கள். மாணாக்கர் மயங்கவேண்டா, தோப்பிக்கும் கோப்பிக்கும் எதுகையன்றி வேறு உறவில்லை. தேறல் என்பது தெளிந்தது. தேறு என்னும் வினைக்குத் தெளிதல் என்பது பொருள். வண்டல் அடியிலே தங்க மேலே தெளிந்து நிற்பது தேறல். குறிஞ்சிநில மக்கள் தேனை மூங்கிற்குழாயிலே பெய்து முதிரவைத்து எடுத்த தேறலைத் திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் காண்கிறோம். யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்திலே பருகி மகிழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். இது புறநானூற்றில் 56 ஆம் பாட்டு. கடல்கடந்து வந்த மதுவுக்கும் தமிழ்ப்பெயரைத் தயங்காது கொடுத்தார் அப்புலவர்.

இனிமை, தெளிவு, மணம், முதிர்ச்சி என்னும் நான்கும் தேறலுக்கு உரியன. லிக்கியூருக்கும் இவையே உரியன. ஆதலின் இதனைக் கோப்பித் தேறல் என்று வழங்கலாம் என்பது என் கருத்து. பழைய தேறல் நொதித்துத் தெளிந்தது. இது வடித்த மதுவிலே ஆக்கியது. ஆதலாற் பொருந்தாது என்று ஒருவர் தடை எழுப்பக்கூடும். தடை நேரியதே. ஆயின் எள்ளின் நெய்யே எண்ணெய். அப்பெயர் பின்பு தேங்காயெண்ணெய் ஆயிற்று, வேப்பெண்ணெய் ஆயிற்று, எள்ளும் கொள்ளும் காணாத மண்ணெண்ணெயும் ஆயிற்று. எண்ணெய்க்கு இசைந்த தமிழ் தேறலுக்கு இசையாதா?

பொருள் யாது?

பெயர் ஆயிற்று. இனிப் பொருளுக்கு வருவோம். கோப்பித் தேறலிலே நான்கு உறுப்புகள் உண்டு. வடித்த மது, கோப்பி, சீனி, நீர் என்பன அவை. வனிலா போன்ற மணப்பொருள் சிலவற்றிற் சேரும். மதுவானது கரும்பிலிருந்து வடித்த றம் ஆகலாம். தனக்கென மணமும் சுவையும் இல்லாத தூய மதுசாரமும் ஆகலாம். வறுத்து அரைத்த கோப்பியை வெந்நீரில் இறக்குவாரும் உளர். பல மணிநேரம் தண்ணீரில் ஊறவைப்பாரும் உளர். மதுவிலேயே ஊறவைப்பாரும் உளர். தண்ணீரில் மெல்ல ஊறிய கோப்பியிலே கசப்பும் புளிப்பும் குறைவு. மதுசாரமோ நீர் கரைக்காத சில மணப்பொருள்களையும் கரைத்தெடுக்கும். பின்பு சீனிப்பாகு சேர்த்து, சுவைகள் ஒன்றோடொன்று இயையும்வரை இருத்தி, வடிகட்டிப் போத்தலில் அடைப்பர்.

எவ்வளவு இனித்தால் தேறல் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் வரம்பு கட்டியிருக்கிறது. பொதுவிதிப்படி லீற்றர் ஒன்றுக்குச் சீனி 100 கிராமிற் குறையலாகாது. மதுசாரம் நூற்றுக்கு 15 வீதத்திற் குறையலாகாது. இவ்விரு எண்களையும் நினைவில் வைத்தால் இப்பொருளின் இயல்பு விளங்கும். இது கோப்பி மணக்கும் சர்பத்தும் அன்று. சீனியிட்ட கோப்பியும் அன்று. வைனினும் வலியது, சாராயத்தினும் மெலியது. வைனின் மதுசாரம் பெரும்பாலும் 12 முதல் 14 வீதம். சாராயத்திலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். இடைநடுவே நிற்பது நம் கோப்பித் தேறல்.

ஐரிஷ் கோப்பி என்பது வேறு. அது சூடான கோப்பியிலே விஸ்கியும் சீனியும் சேர்த்து மேலே பாலாடை மிதக்கவிட்ட கலவை. அருந்தும் பொழுதிலே ஆக்கப்படுவது. தேறல் போத்தலிலேயே ஆக்கி முடிந்த பொருள். பெயர் மயக்கத்திற்கு இதுவும் ஒரு வாயில் ஆதலின் இங்கே குறித்தேன்.

போத்தலின் பின்னால் உள்ள நிலம்

இத்தாலியின் அங்கோனா நகரிலே 1860 ஆம் ஆண்டு உகோ பொர்கெத்தி என்பவர் ஆக்கிய கோப்பித் தேறல் புகையிரதப் பயணிகளிடையே பெயர்பெற்றது. இன்றும் அது அவர் பெயராலேயே விற்கப்படுகிறது. உலகம் மிகுதியாக அறிந்த கலூவா 1936 ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் வெராகுரூஸ் மாநிலத்திலே தோன்றியது. கரும்பு, கோப்பி, வனிலா ஆகிய மூன்றும் விளையும் நிலம் அது. வனிலாக் கொடிக்கு அப்பகுதி தாய்நிலமும் ஆகும். நிலத்திலே அயல் நின்ற மூன்றும் போத்தலிலே கூடின. யமேக்காத் தீவிலே 1940 களிற் பிறந்தது தியா மரியா. மரியா என்னும் பணிப்பெண் ஒருத்தி தன் தலைவியின் குடும்பத்து இரகசியச் செய்முறையைக் காத்தாள் என்றொரு கதை அதற்குண்டு. கதை விற்பனைக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது. இன்று அது ஆக்கப்படுவது இத்தாலியில்.

வரலாறு அக்கதையினும் கடியது. யமேக்காவிற்குக் கோப்பி 1728 இல் வந்தது. கரும்புத் தோட்டத்திலும் கோப்பித் தோட்டத்திலும் உழைத்தவர் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகளும் அவர் வழியினரும் ஆவர். பிரித்தானிய ஆட்சிப்பகுதிகளிலே அடிமைமுறையை நீக்கும் சட்டம் 1834 இல் நடைமுறைக்கு வந்தது. அவர்கள் முழு விடுதலை பெற்றது 1838 இல். அதன்பின் மேற்கிந்தியக் கோப்பி தளர்ந்தது. 1835 இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவிலே தீர்வை சமப்படுத்தப்பட்டது. அங்கே தளர்ந்த பயிர் இங்கே கண்டி மலைகளிலே தழைத்தது. அதைத் தழைப்பித்தவர் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க்கரையில் இறங்கிக் காடுவழியே மாத்தளைக்கு நடந்த தமிழர். வழியிலே நோயாலும் பசியாலும் வீழ்ந்தவர் பலர். 1869 இலே கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. தேயிலைச் சாயத்தை லிக்கர் என அழைக்கும் வழக்கு நம் முதியவரின் நாவுக்கு வந்தது அத்தேயிலையால்.

ஆகவே கோப்பித் தேறல் நமக்கு முற்றும் அயலான பொருள் அன்று. அதனுள் இருக்கும் இரண்டு முதற்பொருள்களும் தோட்டப் பயிர்கள். ஒன்றின் வேரிலே நம்மவர் வியர்வையும் உண்டு. சுவைப்பவர் இதனை நினைக்கவேண்டும் என்று யான் கட்டளையிடவில்லை. அறிந்திருத்தல் நன்று என்கிறேன்.

சுவைக்கும் முறை

யான் மது அருந்தாதவன். மேற்கூறிய இரண்டு கோப்பைகள் நீங்கலாக. ஆயினும் அன்றைய கலக்கம் தணிந்தபின் என் மாணவரிடம் கேட்டும், நூல்களிலே தேடியும் அறிந்தவற்றைக் கூறுதல் பயனுடையது. அருந்துவோர் முறையறிந்து அருந்தட்டும். அருந்தாதோர் தாம் விலக்குவது இன்னது என்று அறிந்து விலக்கட்டும்.

முதல் முறை தனியே அருந்துதல். உணவு முடிந்தபின், சிறு கிண்ணத்திலே, 30 மில்லிலீற்றர் அளவு. ஒரே மூச்சில் விழுங்குவதற்கு ஆக்கப்பட்டதன்று இப்பொருள். முதலில் மணத்தை அறிந்து, பின்பு சிறுகச் சிறுக நாவிலே விடுதல் வேண்டும். நல்ல தேறலாயின் இனிப்பின் பின்னே கோப்பியின் கசப்புத் தோன்றும். இனிப்பு மாத்திரமே நின்றால் அது பாகு, தேறல் அன்று.

இரண்டாவது, பனிக்கட்டியோடு அருந்துதல். குளிர்ச்சி நாவின் இனிப்புணர்ச்சியை மட்டுப்படுத்தும். உருகும் நீர் பாகின் அடர்த்தியைக் குறைக்கும். மிகை இனிப்பை விரும்பாதார்க்கு ஏற்றது இம்முறையே.

மூன்றாவது, பாலோடு கலத்தல். பாலின் கொழுப்பு கசப்பின் கூரினை மழுக்கும். சீனி மிகுந்த தேறல் பாலினும் கனமானது. ஆதலாற் கிண்ணத்திலே தேறலை முதலில் ஊற்றிக் கரண்டியின் முதுகின்மேல் மெல்லப் பாலாடையை வழியவிட்டால் கருமைமேல் வெண்மை மிதக்கும். காட்சிக்கு இனியது. ஆனால் பாலோடு கலந்தபொழுதே மதுவின் காரம் முற்றும் மறைகிறது. விசயதசமியன்று நாங்கள் ஏமாந்தது இவ்விடத்திலேதான்.

நான்காவது, பிற மதுவோடு கலத்தல். 1949 இலே பிரசெல்ஸ் நகரத்து விடுதி ஒன்றிலே குஸ்தாவ் தொப்ஸ் என்னும் பணியாளர் அமெரிக்கத் தூதுவர் பேர்ல் மெஸ்தாவுக்காக வொட்காவையும் கோப்பித் தேறலையும் கலந்து பிளாக் ரஷ்யன் என்னும் பானத்தை ஆக்கினார் என்பர். வொட்காவைத் தவிர அதிலே ரஷ்யத்தனம் யாதும் இல்லை. அதன்மேற் பாலாடை சேர்ந்தால் வைட் ரஷ்யன். 1980 களில் இலண்டனிலே டிக் பிராட்செல் என்பவர் வொட்கா, புதிதாய் இறக்கிய எஸ்பிரெசோக் கோப்பி, கோப்பித் தேறல் ஆகியவற்றைக் குலுக்கி ஆக்கியது இன்று எஸ்பிரெசோ மார்ட்டினி என உலகெங்கும் வழங்குகிறது.

இங்கே ஒரு கணக்குப் பார்த்தல் வேண்டும். பிளாக் ரஷ்யனுக்கு விதித்த அளவு வொட்கா 50 மில்லிலீற்றர், கோப்பித் தேறல் 20 மில்லிலீற்றர். வொட்கா 40 வீதம், தேறல் 20 வீதம் எனக் கொண்டால், வொட்காவிலே 20 மில்லிலீற்றர் தூய மதுசாரமும் தேறலிலே 4 மில்லிலீற்றரும் உள. கூட்டினால் 24. இது 30 மில்லிலீற்றர் கொண்ட நான்கு கிண்ணக் கோப்பித் தேறலுக்குச் சமம். ஆயினும் நாவிலே நிற்பது தேறலின் இனிப்பு மாத்திரமே. அருந்துபவர் ஒன்று அருந்தியதாக எண்ணுவார். உடல் நான்கு என்று எண்ணும்.

ஐந்தாவது முறையே என் மனத்துக்கு இசைந்தது. வனிலா ஐஸ்கிறீமின்மேல் ஒரு மேசைக்கரண்டி விடுதல். அளவு மிகச் சிறிது, சுவையோ முழுமை. அங்கேயும் அது தேறல்தான், பிள்ளைகளுக்கு உரியதன்று.

திறந்த போத்தலை இறுக மூடிக் குளிர்ந்த இருளிடத்திலே வைத்தல் வேண்டும். மதுசாரமும் சீனியும் தேறல் கெடாது காக்கும்; ஆயின் மணம் நாளடைவிற் குன்றும். பாலாடை சேர்த்து அடைக்கப்பட்ட வகைக்கோ போத்தலிற் குறித்த நாளெல்லை உண்டு. பாகு என்றும் சாயம் என்றும் எவரும் எண்ணத்தக்க இடத்திலே, குறிப்பாக அடுக்களைத் தட்டிலே, இதனை வைக்கலாகாது. இது நூலிற் கற்றதன்று, பட்டறிந்தது.

ஒரு தடையும் விடையும்

"பண்டிதர் மதுவுக்கு விளக்கவுரை எழுதலாமா? கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை ஓதுவிப்பவர் இதனைச் செய்யலாமா?" என்று கேட்பவர் உளர் என்பதை அறிவேன். என் நண்பர் ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார்.

வள்ளுவர் கள்ளை விலக்கினார். அவர் அறியாது விலக்கவில்லை. அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களையும் ஊன்றிக் கற்பவர், கள்ளுண்டானின் நிலையை அவர் எத்துணை நுணுக்கமாகக் கண்டிருந்தார் என்பதை உணர்வர். காமத்துப்பாலிலே கள்ளின் மகிழ்ச்சியை உவமையாக எடுத்தாளவும் அவர் தயங்கவில்லை. அறிந்து விலக்குதல் ஒழுக்கம். அறியாது விலகியிருத்தல் தற்செயல். நாற்பதாண்டு விரதத்தை ஒரு பெயர் மயக்கம் குலைத்தது எதனால்? அவ்வம்மையாரின் ஒழுக்கத்திலே குறை இருந்ததாலன்று. எதிரியின் முகத்தை நாம் அவருக்குக் காட்டிக்கொடாததால்.

அருந்துவோருக்கும் அறியாமையாலே கேடுண்டு. சாராயத்தின் காரம் தானே ஒரு காவல். போதும் என்று தொண்டை சொல்லும். தேறலிலே அக்காவலனைச் சீனி உறங்கவைத்துவிடுகிறது. கோப்பியிலுள்ள கஃபீன் மயக்கத்தைத் தெளிவிக்கும் என்று நம்புவோரும் உளர். அது சோர்வை மறைக்குமேயன்றிக் கையின் தடுமாற்றத்தை மாற்றாது. தான் தெளிந்திருப்பதாக எண்ணுபவர் வண்டியின் திறப்பை எடுப்பார். தெளியவில்லை என அறிந்தவரோ எடுக்க அஞ்சுவார். யான் அன்று அருந்திய இரண்டு கோப்பைகளிலும் ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் தேறல் கலந்திருந்தது. அதாவது, 60 மில்லிலீற்றர் சாராயத்தை யான் அருந்திவிட்டேன். அத்துணைச் சாராயத்தை ஒருவர் நேரே நீட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

கலூவாவின் மதுசாரம் 26.5 வீதமாக இருந்து 2004 இல் 20 ஆகக் குறைக்கப்பட்டது. குறைந்தது நன்று. ஆயினும் மதுவிலே தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இலே தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆதலின் யாரையும் அருந்துக என்று யான் அழைக்கவில்லை. அருந்துவோர் எவ்வளவு, எப்பொழுது, யாருடன், அருந்தியபின் யார் வண்டி ஓட்டுவது என்பவற்றை அறிந்து முடிவு செய்யவேண்டும் என்கிறேன். இதற்கெல்லாம் முன்னதாக, கையில் இருப்பது இன்னதென அறியவேண்டும். அறிவதற்குப் பெயர் வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப்பொருள்கள் நாள்தோறும் நம் வீடுகளுக்கு வருகின்றன. பிறநாட்டிலுள்ள பிள்ளைகளின் பெட்டிகளிலே வருகின்றன; கடைத்தட்டுகளிலே வருகின்றன. அவற்றுள் நல்லனவும் உள, தீயனவும் உள, அளவாலே நன்றும் தீதும் ஆவனவும் உள. அவற்றுக்குப் பெயரிடுதல் சொல்லாக்கக் குழுவின் வேலை என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. யான் கூறிய பெயரிலும் சிறந்த பெயர் கிடைக்குமாயின் மகிழ்ச்சியோடு ஏற்பேன். பெயரின்றி விடுவதை மாத்திரம் ஏற்கமாட்டேன்.

சென்ற தைப்பொங்கலுக்கு அவ்வீட்டுக்குப் போயிருந்தேன். மாணவர் திரும்பிப் போய்விட்டார். மீந்த பாதிப் போத்தலை அம்மையார் எறிந்திருப்பார் என எண்ணினேன். எறியவில்லை. மகன் வரும்பொழுது அவனுடைய பொருளை அவனிடமே கொடுக்கவேண்டும் என்று அலுமாரியின் மேற்றட்டிலே பூட்டி வைத்திருக்கிறார். போத்தலைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அதிலே தம் கையெழுத்திலே எழுதியிருந்தார்: "கோப்பித் தேறல். குடிவகை. பிள்ளைகளுக்கு ஆகாது."

யான் ஒரு பக்கத்திலே விளக்கியதை அவர் மூன்று வரியிலே முடித்துவிட்டார். அன்று அவர் தந்தது வெறும் பாற்கோப்பி. ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டேன்.